இரண்டாம் பாதி முதலில்

பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்வது ஒன்றும் பெரிய குற்றமில்லை. நான்கு பேர் கூடி ஒரு படத்தைப் பற்றிப் பேசினால் நாமும் தலையாட்டி வைப்போம். யாரும் அதற்குப் பரீட்சை வைக்கப் போவதில்லை. எனக்கு வைத்தார்கள். அதுவும் கையில் மைக் கொடுத்து, ஹிந்தியில், ஒரு ஊரையே எதிரில் உட்கார வைத்து.

சுனாமி வந்துபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலை கிடைத்து அந்தமானுக்கு வந்தவன். அறை போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில். அலுவலகம் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். காலையில் பஸ் பிடித்து சாத்தம் வந்து, அங்கே ஃபெரி ஏறி அக்கரை போக வேண்டும். மாலையில் இதையே திருப்பிச் செய்ய வேண்டும்.

தினமும் படகுத்துறையில் நான் பார்த்த தேன்மொழிக்கு எல்லாம் நேர் எதிர். வீடு பாம்பூஃப்ளாட்டில், டீச்சர் வேலை போர்ட் பிளேயரில். ஆகவே காலையில் அவள் எந்தப் படகிலிருந்து இறங்குகிறாளோ அதே படகில் நான் ஏறுவேன். மாலையிலும் அப்படியே, கரை மட்டும் வேறு. நாள் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் இங்கே, இரண்டு நிமிடம் அங்கே. அதில் கயிறு கட்டுபவரின் கூச்சல், ஸ்கூட்டர்களின் புகை, மீன்கூடைக்காரர்களின் இடி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சியது ஒரு பார்வை. அதை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுவதையும் ஓட்டினேன். ஃபெரியின் மேல்தளத்தில் நின்றால் தண்ணீர் பச்சையும் நீலமுமாக ஓடும், காற்று சட்டையை ஊதிவிடும், நான் நின்றபடியே எங்கோ போய்விடுவேன். அக்கரை வந்ததே தெரியாமல் அதே படகில் திரும்பி சாத்தத்துக்கே வந்த நாட்களும் உண்டு. (அலுவலகத்தில் கடல் கொந்தளிப்பு என்று காரணம் சொன்னேன். கடலையும் என் பொய்யில் கூட்டுச் சேர்த்தவன் நான்.)

இப்படியே ஒன்றரை வருடம். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளிடம் பேசத் தைரியம் வராத ஆண்பிள்ளை வேறு என்ன செய்வான்? அவள் அப்பாவிடம் பேசினேன். பாம்பூஃப்ளாட் துறையில் டீக்கடை வைத்திருந்தார் மருதமுத்து. இளம் வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கட்சால் தீவில் முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர்ப் பால் எடுத்தார். கடல் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு மனைவியும் மகளுமாக இங்கே வந்து கடை போட்டார். கடையில் ஒரே ஒரு சட்டம். பொய் சொல்பவனுக்கு டீ கிடையாது. காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன எங்கள் அலுவலகப் பியூனுக்கு ஒரு வாரம் டீ மறுத்தவர் அவர். நான் தினம் ஐந்து டீ குடித்தேன். வயிறு வெந்தாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை என்று ஒருநாள் அவர் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு மாலை, கிளாஸ் கழுவிக்கொண்டே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"அது ஒரு படம் தம்பி. கறுப்பு வெள்ளை. நாடகக் கம்பெனியில ஒரு பையன், ஒரு பொண்ணு, அவங்க கதை. சிரிப்பும் பாட்டுமா இருக்கும். நாங்க கப்பலேர்றதுக்கு முந்தின வாரம் தோட்டத்துல வேட்டியத் திரையாக் கட்டிப் போட்டுக் காட்டுனாங்க. பாதிப் படத்துல பேய் மழை. வேட்டி கிழிஞ்சு போச்சு. படத்துல அப்பத்தான் அந்தப் பொண்ணு வேற கம்பெனியோட ரயில் ஏறிப் போயிருச்சு. அவன் காலி மேடையில தனியா நிக்குறான். அதோட சரி. முப்பத்தஞ்சு வருசமா அவன் அங்கனயே நிக்குறான் தம்பி."

அவர் சொன்ன இதெல்லாம் பிற்பாடு பல தடவை கேட்டுத்தான் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு என் காதில் விழுந்தது 'நாடகக் கம்பெனி' என்ற ஒரு சொல்தான். ஏனென்றால் அந்த நேரம் பார்த்து சாத்தத்திலிருந்து வரும் ஃபெரி துறையில் அணைந்துகொண்டிருந்தது, படிக்கட்டில் ஒரு மாம்பழ நிறச் சேலை தெரிந்தது.

"நீங்க பாத்திருக்கீங்களா தம்பி?"

"அந்தப் படமா? பத்துத் தடவை பாத்திருக்கேன்" என்றேன், சேலையைப் பார்த்தபடியே.

அவர் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது. "அப்ப மிச்சக் கதை தெரியுமா? அவன் என்ன ஆனான்?"

அப்போதுதான் நான் இந்த உலகத்துக்குத் திரும்பி வந்தேன். "சொன்னா சுவாரசியம் போயிடுங்க ஐயா. படத்தையே வரவழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். நாக்கில் சனி என்பார்களே, அது அன்றைக்கு என் நாக்கில் பாய் விரித்துப் படுத்திருந்தது.

மெயின்லேண்டில் இருந்த என் அண்ணன் எங்கெங்கோ தேடி, அந்தப் படத்தை இரண்டு விசிடி தட்டுகளில் பதிவு செய்து, ஒன்று, இரண்டு என்று மார்க்கர் பேனாவால் எழுதி, கப்பலில் வரும் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். அதற்குள் மருதமுத்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பொங்கல் விழாக் கமிட்டி அந்த வருட மைதானப் படம் இதுதான் என்று முடிவே செய்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தில் எந்த மொழிப் படம் போட்டாலும் பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லோரும் பாயோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே படம் தெரிந்த ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, சந்து கிடைக்கும் இடத்திலெல்லாம் கதையை ஹிந்தியில் சொல்ல வேண்டும். தெலுங்குப் படத்துக்கு ஒரு மேஸ்திரி, மலையாளப் படத்துக்கு ஒரு நர்ஸம்மா என்று ஆட்கள் இருந்தார்கள். இதற்கு யார் என்று கமிட்டியில் கேட்டபோது மருதமுத்து என்னைக் காட்டினார்.

"நம்ம தம்பி பத்து தடவை பாத்திருக்கு!"

கப்பல் வந்ததும் உட்கார்ந்து நன்றாகப் பார்த்துத் தயாராகிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கப்பல், கப்பல்களுக்கே உரிய பெருந்தன்மையோடு நான்கு நாள் தாமதமாகி, பொங்கலன்று மதியம் வந்து சேர்ந்தது. தட்டுகள் இருந்த பையில் யாரோ ஊறுகாய் பாட்டிலை வைத்திருந்தார்கள். எண்ணெய் வழிந்து இரண்டு தட்டும் மினுமினுத்தன. என் அறையில் போட்டுப் பார்க்கப் பிளேயர் கிடையாது. பார்க்க நேரமும் கிடையாது. துடைக்கவாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். சவரத்துக்குப் பின் போடும் லோஷனைப் பஞ்சில் ஊற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போக, கீழ்ப்பக்கம் மேல்பக்கம் இரண்டையும் தேய்த்தேன். எந்த வேலையையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை நான். தட்டுகள் கண்ணாடியாக மின்னின. அண்ணன் எழுதிய ஒன்றும் இரண்டும் பஞ்சோடு வந்துவிட்டன.

வெறும் தட்டுகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, எது முதலில் கைக்கு வருகிறதோ அது ஒன்று என்று தீர்மானித்தேன். (அரசாங்க ஊழியனின் முடிவெடுக்கும் திறன்.)

ஜனவரியில் அங்கே ஐந்தரைக்குள் இருட்டிவிடும். மைதானத்தின் ஓரத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்குப் பின்னால் துறைமுகம், அதன் மேல் நிலா. அக்கரையில் சாத்தத்தின் விளக்குகள் தண்ணீரில் நீண்டு நீண்டு ஆடின. சர்க்கரைப் பொங்கல் வாசனையும் உப்புக் காற்றும் ஒன்றாக வந்தன. முன்வரிசையில் மருதமுத்து, சலவைச் சட்டை போட்டு, கைகளை மடியில் கோத்து, பரீட்சை எழுத வந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேன்மொழி, தலையில் கனகாம்பரம். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாமே நல்லபடியாக முடியும் என்று தோன்றியது. இவ்வளவு அழகான ஒரு மாலையில் யாருக்கும் கெடுதல் நடக்காது என்று நம்பினேன்.

மைக்கைப் பிடித்தேன். "பாயியோ அவுர் பெஹனோ" என்று ஆரம்பித்தேன். பெயர்களே ஓடாமல் படம் நேராகக் காட்சிக்குள் போனது. அண்ணன் பதிவு செய்யும்போது வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் ஒரு அரண்மனை. வாள் ஏந்திய ஒருவன். ஒரு பெண் அவன் நெற்றியில் திலகமிட்டு, 'அண்ணா, வென்று வா' என்று அனுப்புகிறாள்.

இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? "யே தோனோ பாயி-பெஹன் ஹை!" என்று முழங்கினேன். இருவரும் அண்ணன் தங்கை. கூட்டம் மரியாதையோடு தலையாட்டியது.

உடனே அரண்மனையின் மேல் ஒரு திரைச்சீலை சர்ரென்று இறங்கியது. கைதட்டல். அது நாடக மேடை. அண்ணன் கிரீடத்தைக் கழற்றி மூலையில் போட்டான். தங்கை வெட்கத்தோடு அவனைப் பார்த்தாள். அடுத்த காட்சியில் இருவரும் நிலவொளியில் ஒரு படகில் சாய்ந்துகொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து டூயட் பாடினார்கள்.

மைதானம் முழுவதும் ஒரு பெருமூச்சு. நடுவிலிருந்து, ஊரே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பெங்காலி மீன்காரம்மா எழுந்து நின்றார்.

"அரே பாபு! தும் தோ பாயி-பெஹன் போலா தா!" அண்ணன் தங்கை என்று நீதானே சொன்னாய் என்கிறார்.

என் மூளை வேலை செய்யவில்லை. வாய் செய்தது. "ஸப்னா ஹை! யே ஸப்னா ஹை!" என்றேன். கனவாம்.

"கிஸ்கா ஸப்னா?" யாருடைய கனவு என்று கேட்டது கூட்டம்.

"லட்கே கா" என்றேன். பையனுடையது.

தங்கையைப் பற்றி இப்படி ஒரு கனவா? சீ, சீ என்று நான்கு மொழிகளில் கேட்டது. உடனே திருத்தி, கனவு பெண்ணுடையது என்றேன். இன்னும் பெரிய சீ. கடைசியில் கதையில் வந்தாரோ இல்லையோ தெரியாத நாடகக் கம்பெனி முதலாளியின் தலையில் அந்தக் கனவைக் கட்டிவிட்டுத் தப்பித்தேன்.

அப்போது ஒன்று நடந்தது. அக்கரையிலிருந்து ஃபெரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் விளக்குகள் மெல்லிய துணியின் பின்னால் மெதுவாக நகர்ந்து, திரையில் போன அந்தப் படகின் வழியாகவே ஊர்ந்து போயின. பாட்டு முடியும் வரை இரண்டு படகும் ஒன்றாகப் போவது போலிருந்தது. கூட்டம் வாய் மூடிப் பார்த்தது. நானும் மைக்கை இறக்கிவிட்டுப் பார்த்தேன். தேன்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்காக மிச்ச அவமானம் முழுவதையும் நான் இன்றும் மறுபடி பட்டுக்கொள்வேன்.

மிச்ச அவமானம் காத்துக்கொண்டுதான் இருந்தது. கதாநாயகன் விஷம் குடித்து விழுந்தான். நான் குரல் தழுதழுக்க, இந்த நல்ல மனிதன் இறந்துவிட்டான் என்று அறிவித்தேன். பௌதி மூக்கைச் சிந்தினார். மறுநிமிடம் அவன் அரிதாரத்தோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மைதானமே சேர்ந்து கத்தியது.

"ஸப்னா ஹை!"

அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. திரைச்சீலை இறங்கும்போதெல்லாம் ஊரே கனவு என்று அறிவித்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் சத்தம் போடவில்லை, சிரிக்கவில்லை. மருதமுத்து முகத்தை முன்னால் நீட்டி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். திரையில் காதலர்கள் எல்லோர் முன்னிலையிலும் மேடையிலேயே உண்மையாக மாலை மாற்றிக்கொண்டார்கள். 'சுபம்' என்று வந்தது.

சுபமா? ஒரு தட்டுத்தானே ஓடியிருக்கிறது? ஓடிப்போய் அடுத்த தட்டைப் போட்டேன். தணிக்கைச் சான்றிதழ் வந்தது. படத்தின் பெயர் வந்தது. பிறகு நடிகர் நடிகையர், பாட்டு, வசனம் என்று பெயர்கள் வரிசையாக, நிதானமாக, ஒவ்வொன்றாக என்னைப் பார்த்துக்கொண்டே மேலே போயின.

மைதானம் வெடித்தது. பாயில் புரண்டார்கள். தென்னையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'ஸப்னா, ஸப்னா' என்று கை தட்டினார்கள். இதையும் கனவென்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் மருதமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களுக்கு முன்னால் பதினோராவது தடவையாக அந்தப் படத்தைப் பார்க்கிறவனாக என்னால் நிற்க முடியவில்லை.

"ஐயா" என்றேன். "நான் இந்தப் படத்தப் பாத்ததே இல்லைங்க. பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க."

கையில் மைக் இருந்தது நினைவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். வழக்கத்தை விடக் கூடாது அல்லவா? கமிட்டிச் செயலாளர் மைக்கை வாங்கி, என் பாவமன்னிப்பையும் ஹிந்தியில் சுருக்கமாக எடுத்துச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

மருதமுத்து எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். மைக்கை வாங்கிக்கொண்டு, "போய் உக்காருங்க தம்பி" என்றார். பிறகு கட்சால் தீவில் முப்பது வருடம் பேசிப் பழகிய ஹிந்தியில், காட்சி வருவதற்கு முன்பே வசனம் சொல்லி, சிரிப்புக்கு இடம் விட்டு, முதல் பாதி முழுவதையும் கூட்டத்துக்குச் சொன்னார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது. காலி மேடையில் அவன் தனியாக நின்றான். மருதமுத்துவும் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைத் தவிர யாரும் கெட்டவர்களாக இல்லாத ஒரு மாலையை இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று வந்த அழுகை.

மறுநாள் காலை சாத்தத்தில் முகத்தைக் குடைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன். (மழை இல்லை.) படகிலிருந்து இறங்கியவர்களில் ஒருத்தி என் குடைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தேன்மொழி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"அண்ணனும் தங்கச்சியும் நல்லா இருக்காங்களா?"

சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். முந்தைய நாள் அவள் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டீக்கடையில் சட்டம் சட்டம்தான். எனக்கு டீ இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மருதமுத்து கிளாஸில் சுடுதண்ணீர் வைத்தார். குடித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ், ஒரு மாதம். அலுவலகத்தில் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மாலை அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஐயா, தட்டு மாறினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திலகம் வச்சப்பவே தெரியுமே. அது நான் பாக்காத பாதியில்லையா?"

"அப்பறம் ஏன் நிறுத்தல?"

"நல்லாக் கேட்டீங்க! முப்பத்தஞ்சு வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். நிறுத்தி, மாத்தி, முதல்லருந்து போட்டு, மறுபடி பாதியில மழை வந்துச்சுன்னா? கரண்டு போச்சுன்னா? நீங்க ஒளறுனா ஒளறிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

பிறகு அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, என் முன்னால் ஒரு கிளாஸை வைத்தார். அதில் இருந்தது சுடுதண்ணீர் இல்லை. டீ. இஞ்சி தட்டிப் போட்டது.

"நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "இவ்வளவு கேவலமா பொய் சொல்ற ஆளுக்குப் பொண்ணக் குடுத்தா ஒரு பயமும் இல்ல. என்னத்த மறைச்சாலும் ரெண்டு நிமிசத்துல மாட்டிக்குவீங்க. ஊர்லருந்து பெரியவங்கள வரச் சொல்லுங்க மாப்பிள்ளை."

எங்கள் கல்யாணம் அதே மைதானத்தில் நடந்தது. நான் தாலியைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து பௌதியின் குரல், கனவில்லையே என்று கேட்டது. மைதானமே 'ஸப்னா ஹை' என்று பதில் சொன்னது. கல்யாண வீடியோவில் கெட்டிமேளத்தைவிட அந்தச் சத்தம்தான் அதிகம். இப்போதும் வீட்டில் சாம்பார் தீய்ந்தாலும், மகளின் மார்க் ஷீட் வந்தாலும், என் தலையில் வழுக்கை தெரிந்தாலும் ஒரே தீர்ப்புத்தான்: ஸப்னா ஹை. புது ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் தேன்மொழி என்னைக் காட்டி, "இவரு எங்க அண்ணன்" என்று அறிமுகப்படுத்திவிட்டு, அவர்கள் விழிப்பதை ரசிப்பாள்.

பொங்கலன்று அந்தப் படத்தைப் போடுவது எங்கள் வீட்டில் விதி. தட்டுகளில் மறுபடி எண் எழுதியாகிவிட்டது. ஆனாலும் இரண்டாவதுதான் முதலில் ஓடும். போன வருடம் என் மகள் சண்டைக்கு நின்றாள்.

"தாத்தா, ஒழுங்கா முதல்லருந்து பாத்தா என்ன?"

"பாக்கலாம்மா" என்றார் மாமனார். "அப்பறம் அவன் தனியா நிக்குறப்ப வயித்தக் கலக்குமே. இப்படிப் பாத்தோம்னா, அவன் அவகிட்டப் போய்ச் சேர்ந்துட்டான்னு தெரியும். நிம்மதியா நிக்க விடலாம்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க வேணும்னேதான் மாத்திப் போட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்பங்கரையிலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது.

"உங்கப்பாவுக்கு இன்னைக்கு டீ வேணாமாம். சுடுதண்ணி வைக்கவா?"